நான் லைனைப் பார்த்துக்கிறேன்

"நான் லைனைப் பார்த்துக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் போங்கண்ணே."

என்னிடம் லாரி கிரேன் வேலை கற்க வந்த பையன் சொன்னது இவ்வளவுதான். லைன் என்றது தலைக்கு மேலே போன மின்கம்பியை. நான் சொன்ன பதிலும் பெரிதல்ல. "ஆறு மாசம் போகட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்." அடுத்த அரை நிமிடத்தில் பூமின், அதாவது சுமை தூக்கும் அந்த மடங்கு கையின், வெளிப்பாதியான வெளிக்கை ஒரு முழம் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலையை நிறுத்தினோம், மெக்கானிக் வந்தார், மதியத்துக்கு மேல் இறக்க வேண்டியதை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். வெளியில் இருந்து பார்த்தால் அரை நாள் தாமதம், அவ்வளவுதான். எனக்கு அப்படி முடியவில்லை.

எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் பேச்சு. கேபினுக்குப் பின்னால் குறுக்காக மடங்கிக் கிடக்கும் பூமை விரிக்கும்போது, வெளிக்கை எந்தப் பக்கமாக இறங்கி வருமோ அந்தப் பக்கத்தில் பூமை இயக்கும் லிவரில் நிற்கக்கூடாது. எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். மடக்கும்போதும் இதேதான். ரிமோட் இல்லாத வண்டியில் இரண்டு பக்கமும் லிவர் இருப்பதில் இந்த வசதியும் உண்டு. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வந்த முதல் வாரத்தில் சொன்னேன். சுமை தூக்கும்போது எல்லோரும் விலகி நிற்பார்கள், விரிக்கும்போதும் மடக்கும்போதும்தான் மனசு தளர்ந்துவிடும் என்றும் சொன்னேன். ஹூக்கில் ஒன்றும் இல்லையே, என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கையே பல நூறு கிலோ. ஒரு ஆளை லிவரோடு சேர்த்து நசுக்க அதற்குத் தனியாகச் சுமை வேண்டாம்.

அவ்வளவும் தெரிந்த நான் அன்று தவறான பக்கத்தில்தான் நின்றேன். காரணம் மின்கம்பி. மேலே கோணலாகப் போனது. எதிர்ப்பக்கம் போனால் கேபினும் உள்கையும் மறைத்துவிடும், கம்பி தெரியாது. பூமை விரிக்கும்போது முதலில் உயரே போவது முட்டிதான், உள்கையும் வெளிக்கையும் சேருகிற அந்த மூட்டு. நம் கண் கீழே ஹூக்கில் இருக்கும், முட்டி நமக்குத் தெரியாமல் மேலே போய்க்கொண்டிருக்கும். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவும். 50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிக்குக் குறைந்தது 10 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. வானத்தைப் பின்னணியாக வைத்து அந்த 10 அடியைக் கண்ணால் அளந்து பாருங்கள், எவ்வளவு ஏமாற்றும் என்று தெரியும். அதோடு, பூம் கம்பியில் பட்டால் முதலில் போவது தரையில் நின்று லிவரைப் பிடித்திருப்பவன். மின்சாரம் வண்டி வழியாக வந்து, அவன் கை வழியாகத் தரைக்கு இறங்கும்.

அதனால்தான் அவன் கேட்டதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையனின் கண்ணை நம்பி என் கையை லிவரில் வைக்க முடியவில்லை. இதை இன்றைக்கும் முழுத்தவறு என்று சொல்ல வரவில்லை. கம்பியைப் பார்க்கிறவன் கம்பியை மட்டும் பார்க்க வேண்டும். அவன் ஒரு வினாடி என் கையைத் திரும்பிப் பார்த்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் லிவரில் இருக்கும் கையைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக் கற்றேன்.

ஆனால் யோசித்தால், அவன் கண்ணை நம்பாத நான் வேறு ஒன்றை நம்பினேன். முந்தைய நாள்தான், வெளிக்கையை ஆயில் அழுத்தத்தால் அசைக்கும் சிலிண்டரில், ஆயில் கசியாமல் அடைக்கும் சீலை மாற்றி வண்டி வந்திருந்தது. "ஓட்டிப் பார்த்தாச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சிலிண்டரைத் திறந்து மூடினால் உள்ளே காற்று நிற்கும். பல முறை முழுசாக நீட்டி இழுத்தால்தான் அது வெளியேறும். அது போகட்டும், சீல் மாற்றாத நாளில்கூட, விரிப்பதற்கு முன் லிவரை ஒரு முறை மடக்கும் திசையிலேயே அழுத்திப் பிடிப்பேன். வெளிக்கையைத் தாங்கும் பக்கத்தில் ஆயில் நிறைந்திருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். நிறைந்திருந்தால் இன்ஜின் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அன்று அதைச் செய்யவில்லை. காலை வேலை தாமதமாகியிருந்தது, அவனோடு இந்தப் பேச்சு வேறு. வண்டி சாயாமல் ஊன்றும் கால்களை இறக்கி, அவற்றின் கீழே பலகை வைத்ததையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இந்த ஒன்று விட்டுப்போனது.

உள்கை தாங்கியை விட்டு எழுந்ததும் வெளிக்கையின் எடை முழுவதும் அந்தச் சிலிண்டரில் விழுந்தது. ஆயில் போகும் ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் பிடித்துக்கொள்ள சிலிண்டரிலேயே ஒரு வால்வு இருக்கும். அது இருக்கிறதே என்று எனக்கு எப்போதும் ஒரு தைரியம். ஆனால் வால்வு பூட்டி வைப்பது உள்ளே இருப்பதைத்தான். உள்ளே இருப்பது ஆயில் என்றால் சுருங்காது, காற்று என்றால் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய அளவுக்கு வெளிக்கை விழுந்தது. விழுந்து, அங்கேயே இரண்டு முறை துள்ளி நின்றது. ஹூக் என் இடது தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. நான் லிவரை விட்டேனா, அது தானாக நடுவுக்கு வந்ததா, நினைவில்லை. அவன் கத்தவில்லை. அவன் அந்த நேரத்தில் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைப் படுத்துவது இதுதான். அவன் கேட்டது இரண்டு ஆபத்தை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளலாம் என்பது. நான் இரண்டையும் ஒரே ஆளாகப் பார்க்கிறேன் என்று நின்று, ஒன்றைப் பார்த்தேன், இன்னொன்றின் கீழே நின்றேன். எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் அதே ஒரு முழம் விழுந்திருக்கும், நான் திட்டிக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டிருப்பேன். இந்தப் பேச்சே இருந்திருக்காது.

சரி, அப்படியே அவனை நம்பி எதிர்ப்பக்கம் போயிருந்து, அவன் கண் தவறியிருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் முதலில் சொன்னதற்கே திரும்பிப் போய்விடுகிறேன். வண்டியைக் கம்பிக்கு அப்பால் தள்ளி நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பக்கம் புதிதாக மண் கொட்டிய தரை. காலை ஊன்றினால் பலகையோடு உள்ளே போகும் என்று நினைத்தேன். மண்வெட்டியால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் நினைத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது விரிப்பதற்கு முன் அழுத்திப் பார்க்காமல் நான் லிவரைத் தொடுவதில்லை. பட்டறையில் இருந்து வண்டி வந்தால், ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரையும் முழுசாக நீட்டி இழுத்த பிறகுதான் வேலைக்கு எடுக்கிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பதில்தான் இன்னும் தீரவில்லை. கம்பி இல்லாத இடத்தில் யோசிக்காமல் எதிர்ப்பக்கம் போகிறேன். கம்பி இருந்தால் கால் தானாகவே பழைய பக்கம் போகிறது. போன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்றே உறைக்கிறது.

அவன் இப்போது தனியாக விரிக்கிறான். போன மாதம் ஒரு நாள் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் மடக்கும் திசையில் அழுத்தினான், இன்ஜின் அமுங்கும்வரை காத்திருந்தான். நன்றாக இருந்தது. அப்புறம் வெளிக்கை இறங்குகிற பக்கத்திலேயே நின்று லிவரை இழுத்தான். தலைக்கு மேல் கம்பி எதுவும் இல்லை.

"ஏன் தம்பி இந்தப் பக்கம் நிக்கிற?"

"நீங்க இங்கதானேண்ணே நிப்பீங்க" என்றான். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறான். நான் வாயால் சொன்னது அவனுக்கு மறந்துவிட்டது, நின்ற இடம் நினைவில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகச் சொன்னேன். போனான். ஏன் என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பான்.

நேற்று மறுபடியும் கம்பி. பலகை வைத்து, கால் ஊன்றி, லிவர் பக்கம் வந்த பிறகு அவனைக் கூப்பிட்டேன். "நீ லைனைப் பாரு, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றேன். தலையாட்டினான். எதிர்ப்பக்கம் போய் நின்றேன். உள்கை எழும்போது கேபின் ஓரமாகத் தலையை நீட்டிக் கம்பியைப் பார்த்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டான்.