பழைய டிராகன் விற்பனைக்கா? வார்னிஷை விடுங்கள், அடியைப் பாருங்கள்

மரத்தாலான பந்தயப் பாய்மரப் படகு விற்பனைக்கு வந்தால், படத்தில் முதலில் கண்ணில் படுவது வார்னிஷ்தான். மின்னுகிற மகோகனி யாரையும் மயக்கிவிடும். ஆனால் அந்த மினுமினுப்பைச் சில வாரங்களில் பூசிவிடலாம். உள்ளே எத்தனை இரும்பு துருப்பிடித்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

டிராகன் என்ற பந்தயப் படகு வகையையே எடுத்துக்கொள்வோம். நார்வேக்காரர் யோஹான் ஆங்கர் 1929-ல் வடிவமைத்தது. 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. நீளம் 8.9 மீட்டர், அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு ஒயிலான படகு குறைவு என்பது என் கருத்து. எடை சுமார் 1,700 கிலோ, அதில் ஏறக்குறைய 1,000 கிலோ அடியில் தொங்கும் வார்ப்பிரும்பு. அந்தப் பாரத்தைத் தாங்குவது சில போல்ட்டுகளும் அவை துளைத்துப்போகும் மரமும்தான். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

மிதிபலகைகளைக் கழற்றுங்கள். ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. ஈர ஓக்கும் இரும்பும் சேர்ந்தால் மரம் நீலக் கறுப்பாகும். துரு ஊத, மரம் நார்நாராகும். போல்ட் தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் கூரிய ஊசியால் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் முரண்டு பிடிக்கும். நீளச் சிலும்பாகப் பெயரும். கெட்டது பிட்டு மாதிரி உதிரும். தலை நன்றாக இருக்கிறதே என்று போல்ட்டை நம்பக் கூடாது: மரமும் இரும்பும் சேரும் மட்டத்தில்தான் அதன் இடுப்பு சிறுக்கும். பாய்மரத்தின் அடியில் ஒன்று, பின்கோடியில் ஒன்று என இரண்டையாவது உருவிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், எல்லா போல்ட்டையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்து வங்குகள், அதாவது பலகைகளை உள்ளிருந்து தாங்கும், விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்கள். ஆவியில் வளைத்தவை மிகக் கூர்மையாக வளையும் இடத்தில்தான் விரியும். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை விரிசலும் நிழலாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பக்கத்தில் ஒரு துணை வங்கு வைத்துச் சரிசெய்யலாம். ஒரே பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு விட்டிருந்தால் படகின் உருவமே தளர்ந்திருக்கும்.

உப்புத் தண்ணீரைவிட மரத்துக்கு எமன் மழைத் தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதனால் காற்றோட்டமில்லாத இடங்களைத் தேடுங்கள்: தளத்தின் ஓரத்துக்கு அடியில், அமரத்தின் (படகின் பின்பக்கம்) மூலைகளில், பாய்மரம் ஊன்றிய குழியில்.

வெளியில் காய்ந்து கிடந்த படகின் பலகை இடுக்கு திறந்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்த இடுக்கில் பஞ்சை இறுக்கி அடித்துக் கலப்பற்று செய்தவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். தண்ணீரில் பலகை ஊதும்போது பஞ்சு இடம் கொடுக்காமல் வங்கையே உடைத்துவிடும். படகைத் தண்ணீரில் பட்டைவாரில் தொங்கவிட்டு, பம்ப் வைத்துக்கொண்டு, சில நாள் ஊறவிடுவதே முறை. பலகைக்கு மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்திய பழைய உடலை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும், எங்கே அழுகுகிறது என்றும் தெரியாது.

மரத்தாலான பாய்மரம் என்றால் படுக்கவைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கி வளைவு பாருங்கள். பசை ஒட்டிய கோட்டில் மெல்லிய தகடு நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது. உலோகப் பட்டிகளுக்கு அடியில் ஸ்புரூஸ் மரம் கறுத்திருந்தால் பட்டியைக் கழற்றிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

பந்தயத்துக்கு வாங்குவதாக இருந்தால் அளவைச் சான்றிதழை வாங்கி, பாய் எண்ணோடு ஒப்பிடுங்கள். டிரெய்லரையும் கவனியுங்கள்: எடை முழுவதும் அடியிரும்பின் மேல் உட்கார வேண்டும், பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. தாங்கிகளை இறுக்கி வைத்திருந்தால், அவை தொடும் இடத்துக்கு நேர் உள்ளே இருக்கும் வங்குகளை இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.