உருக்குக் கசட்டில் கட்டற்ற சுண்ணாம்பை அளத்தல்

உருக்கு ஆக்கும்போது மிஞ்சும் கசட்டை வீதிக்குப் போட முன், அதில் வேறொன்றோடும் சேராமல் தனித்து நிற்கும் கல்சியம் ஒட்சைட்டை, அதாவது கட்டற்ற சுண்ணாம்பை, அளந்தே ஆகவேண்டும். அது நீரேறினால் கனவளவு ஏறத்தாழ இரட்டிக்கும். போட்ட வீதி புடைத்து வெடிக்கும்.

இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் எடுத்துவிட்டு 75 மைக்ரோனுக்குக் கீழே அரையுங்கள். 1 கிராம் நிறுத்து, நீரற்ற எதிலீன் கிளைக்கோல் 50 மில்லிலீற்றருடன் மூடிய குடுவையில் 65 பாகை செல்சியசில் அரை மணி நேரம் குலுக்குங்கள். கண்ணாடி மணி நாலைந்து போட்டால் தூள் அடியில் கட்டிபிடிக்காது. சூட்டோடே வடியுங்கள், ஆறினால் கிளைக்கோல் தடித்து வடிதாளில் நின்றுவிடும். பிறகு வடிந்த திரவத்துக்கு 0.1 நோர்மல் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமிப்பு, அதாவது சுண்ணாம்பை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் போகிறதென்று சொட்டுச்சொட்டாக விட்டு அளப்பது. 1 மில்லிலீற்றர் அமிலம் 2.804 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமன். 12 மில்லிலீற்றர் போனால் 3.36 வீதம். கசடு போடாத வெறும் கிளைக்கோலையும் நியமித்துக் கழியுங்கள்.

திருகோணமலையில் பிழை வருவது பெரும்பாலும் காற்றால்தான். கடற்காற்றின் ஈரத்தில் திறந்து கிடக்கும் தூள் ஐதரொட்சைட்டாகி, பிறகு காபனேற்றாகும். காபனேற்றைக் கிளைக்கோல் கரைக்காது. எண் குறைந்து, குவியலும் நல்லதென்று நம்பவைக்கும். ஆகவே அரைத்த அன்றே நிறுத்துவிடுங்கள், மாரியில் கட்டாயம். ஐதரொட்சைட்டையோ கிளைக்கோல் சுண்ணாம்போடு சேர்த்தே கரைக்கும். பிரித்தறிய 400 முதல் 500 பாகை வரையான நிறையிழப்பை 3.11 ஆல் பெருக்கி, நியமிப்பில் வந்த எண்ணிலிருந்து கழிக்கவேண்டும். மக்னீசியம் ஒட்சைட்டு இதில் அகப்படாது, அதற்கு நீராவி விரிவுச் சோதனை வேறாகச் செய்யுங்கள்.