வாசிகசாலை லப்டொப்பும் கறுப்புத் திரையும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசிகசாலையில் ஒரு பழைய லப்டொப் நிற்கிறது. ரேம் 2 ஜிபி, பற்றரி செத்துவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஓ.எல்., ஏ.எல். கடந்தகால வினாத்தாள்களை அதில் ஏற்றியிருக்கிறோம். பிள்ளைகள் போனை வைஃபையில் இணைத்து வேண்டியதை இறக்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் இருந்து வேலை செய்ய ஆளில்லை. இருந்தும் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் வண்ண லொகின் திரை எழும்பி ரேமைப் பிடித்துக்கொள்ளும். பரீட்சைக் காலத்தில் பதினைந்து பிள்ளைகள் ஒன்றாக வந்தால் இழுக்கத் தொடங்கும்.

வண்ணத் திரை எழும்பாமல் செய்ய, கணினி எந்த நிலையில் எழும்ப வேண்டும் என்று சொல்லும் ரன்லெவல் எண்ணை 5 (வண்ணத் திரை) இலிருந்து 3 (எழுத்து மட்டும்) ஆக்கும் பழைய ரெட்ஹட் லினக்ஸ் வழிதான் எனக்கு நினைவில் இருந்தது. அந்த எண் எழுதியிருக்கும் இனிட்டாப் கோப்பைத் தேடினேன், இல்லை. டெபியன் 2015 இல் 8ஆம் பதிப்போடு, பூட் ஆகும்போது மற்றதையெல்லாம் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரலுக்கு மாறிவிட்டது. இப்போது ரன்லெவலுக்குப் பதில் எல்லாம் 'டார்கெட்'. டேர்மினலில் ஆங்கில எழுத்தில் இந்த ஒரு வரி போதும்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபோல்ட் மல்டி-யூசர்.டார்கெட்

இது எதையும் அழிக்காது. பூட் ஆகும்போது எங்கே போய் நிற்பது என்று காட்டும் இணைப்பை மட்டும் மாற்றும். ரீபூட் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் லொகின் மட்டும். ரேம் பாவனை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பொறுப்பாளர் ஐயா போன் எடுத்தார்.

"தம்பி, பெட்டி செத்துப்போச்சுப் போல. ஒரு பிள்ளைக்கும் பேப்பர் வருதில்லை."

"என்ன செய்தனீங்கள் ஐயா?"

"ஒண்டும் செய்யேல்லை. தூசி விழும் எண்டு மூடி வைச்சனான்."

அப்போதுதான் விளங்கியது. மூடியைச் சாத்தினாலும் தூங்காதே என்று முன்பு டெஸ்க்டொப்பில் செட்டிங் வைத்திருந்தேன். டெஸ்க்டொப் எழும்பாவிட்டால் அந்தச் சொல்லும் போய்விடும். மூடியை சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லொகின்டி பார்த்துக்கொள்ளும், சாத்தியவுடன் தூங்கவைப்பதுதான் அதன் வழக்கம். ஈடிசி கோப்புறைக்குள் சிஸ்டம்டி, அதற்குள் லொகின்டி.கொன்ஃப். அதில் ஹேண்டில்லிட்ஸ்விச் வரியின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுத்து, சமக்குறிக்குப் பின் இக்னோர் என்று போட்டு ரீபூட் செய்தேன். மூடியைச் சாத்திவிட்டு என் போனில் ஒரு கணித வினாத்தாளை இறக்கிப் பார்த்தேன். வந்தது.

இன்னொன்றும் பயமுறுத்தியது. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. கோப்பு பழுதாகவில்லை. லினக்ஸ் கொன்சோல் என்னும் அந்தத் திரையின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, கொம்பு கால் சேர்த்து எழுதவும் அதற்குத் தெரியாது. வீட்டு லப்டொப்பிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் உள்ளே போனால் அதே பெயர்கள் தமிழில் தெரிகின்றன.

நிரந்தரமாக மாற்றத் தயக்கம் என்றால் ஒருமுறை மட்டும் பார்க்கலாம். பூட் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'ஈ' (e) அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 3 என்று போட்டு, எஃப்10 அழுத்துங்கள். அடுத்த பூட்டில் பழையபடி வண்ணத் திரை வரும்.