வேதக்கார ஐயாவின் வட்டை: படுவான்கரைக்கு ஒரு நன்றிப் பயணம்

மட்டக்களப்புக்கு யாத்திரை வருகிறவர்களுக்குப் போக இடங்கள் நிறைய உண்டு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டம், ஆயித்தியமலையில் சதா சகாய மாதா திருவிழா. மாதா திருவிழாவுக்குப் பலர் நடந்தே போவார்கள். எங்கள் குடும்பம் பெப்ரவரியில் புறப்படும். பெரும்போக வேளாண்மை வெட்டும் காலம் அது. நாங்கள் போகிற இடத்தில் கோபுரமோ கொடிமரமோ கிடையாது. ஆயித்தியமலைக்கு அப்பால், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய சேமக்காலை. அங்கேதான் எங்கள் தாத்தாவை அடக்கம் செய்திருக்கிறோம்.

கல்லறைக்கு முன் வேண்டுதல் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தாத்தாவே அதை அனுமதித்திருக்க மாட்டார். ஒரு நீண்ட ஆயுளைக் கடவுள் எப்படி நடத்தினார் என்று அந்த மண்ணில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போகிறோம்.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது மட்டக்களப்பு வந்துவிடும். மாமா நிலையத்துக்கு வந்திருந்தார். தேத்தண்ணீர் குடித்த கையோடு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வழியாகப் போனோம். வாவியைக் கடந்ததுமே காற்றில் வைக்கோல் மணம். சூரியன் படுகிற மேற்குப் பக்கம் என்பதால் இது படுவான்கரை. வீதியின் ஒரு ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். வாகனங்கள் எல்லாம் மறு ஓரமாக ஒதுங்கித்தான் போயின, ஒருவர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை.

தாத்தாவின் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த, மார்ட்டின் லுத்தரின் போதனையைப் பின்பற்றும் லுத்தரன் குடும்பம். அந்த மிஷனைத் தொடக்கிய சீகன்பால்க் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததையும், 1719இல் 36 வயதிலேயே அவர் இறந்துபோனதையும் நாங்கள் தாத்தா வாயால்தான் அறிந்தோம். சொந்தக்காரர் ஒருவரின் கதையைச் சொல்வதுபோலச் சொல்லுவார். "முப்பத்தாறு வயசுல அந்த மனுசன் அவ்வளவு செஞ்சிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஆண்டவர் இவ்வளவு வயசு குடுத்திருக்காரு, நான் கணக்குக் குடுக்கணும்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது.

தாத்தா நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது வாலிபர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் எந்த நாட்டுக்கும் குடிமகன் இல்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயம் எரிந்தது. பாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கே வந்தார். வரும்போது கொண்டுவந்தவை ஒரு வேதாகமம், ஒரு பாட்டுப் புத்தகம், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும், அட்டை கிழிந்த ஞானோபதேசம் ஒன்று. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் மட்டுமே பழகிய கைகள் நாற்பது வயதைக் கடந்த பிறகு ஏர் பிடிக்கக் கற்றுக்கொண்டன. கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வளவுக்காரர், கண்ணகி அம்மன் சடங்குக்கு வருடம் தவறாமல் நோன்பிருக்கும் சைவர். அந்த ஊரார் தாத்தாவை, கிறிஸ்தவர் என்ற பொருளில், வேதக்கார ஐயா என்றார்கள். கடைசி வரைக்கும் அதுவே பெயர்.

மட்டக்களப்பில் மெதடிஸ்தர் உண்டு, கத்தோலிக்கர் பெருந்தொகையாக உண்டு. லுத்தரன் சபை என்று தாத்தா போய் உட்கார ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. ஆகவே வார நாட்களில் அவருடைய சபை அவருடைய திண்ணைதான். விடியற்காலையில் எழுந்து சிலுவை அடையாளம் போட்டு, விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்லி, லுத்தரின் காலை ஜெபத்தைச் சொல்லுவார். சிலுவை போடுவதைப் பார்த்துக் கத்தோலிக்கர் என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் லுத்தரே சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபத்தை அப்படித்தான் தொடங்கச் சொல்லியிருக்கிறார். ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்றும் அதிலேயே இருக்கிறது. தாத்தா அதை எழுத்துக்கு எழுத்து செய்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்து, வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடியபடி வரம்பில் நடந்து போவார். இரவுக்கு வேறு கட்டளை: ஜெபித்தபின் மனநிம்மதியோடு உடனே தூங்கிவிடு. யானைக் காவல் இருக்கும் நாட்களில் மட்டும் அதை அவரால் நிறைவேற்ற முடியாமல் போகும். பரணில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்க வேண்டுமே. அடுத்த பரணில் இருப்பவர் கவி பாடுவார், இவர் கீர்த்தனை பாடுவார். இருட்டில் முகம் தெரியாமல் மாறி மாறிப் பாடியே இரவைப் போக்கியிருக்கிறார்கள்.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு பக்கம் போதும் என்பது என் எண்ணம். லுத்தர் 1529இல் வெளியிட்ட அந்தச் சின்ன ஞானோபதேசத்தில், பரமண்டல ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்துக்கு விளக்கம் எழுதிய பக்கம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கிறோமே, ஆகாரம் என்பதில் என்னென்ன அடங்கும்? லுத்தர் அடுக்கிக்கொண்டே போகிறார். உணவு, உடை, செருப்பு, வீடு, வயல், கால்நடை, பணம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல அரசாட்சி, நல்ல மழை வெயில், சமாதானம், சுகம், நல்ல நண்பர்கள், உண்மையுள்ள அயலார். ஒரு கவளம் சோறு வாய்க்கு வர இவ்வளவும் கூடி வர வேண்டும். இதை ஒரு விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தாத்தாவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் அவருக்கு இல்லாமல் போன காலம் இருந்தது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்தபோது அவர் வந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. முதன்முதலாகத் தன் கையால் விதைத்த வயல் தண்ணீருக்குள் போனது. வாடியின் கூரை பறந்துவிட்டது. மட்டக்களப்பு எங்கும் தென்னைகள் விழுந்து கிடந்தன. அன்றிரவு குடும்பத்தோடு ஒதுங்கியது அந்தப் பக்கத்து வளவுக்காரரின் கல்வீட்டில். காற்று ஓய்ந்ததும் தாத்தா நான்காம் விண்ணப்பத்தைச் சத்தமாகச் சொன்னாராம். 'உண்மையுள்ள அயலார்' என்ற இடத்தில் நின்று, வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாராம். பாட்டி இதைச் சொல்லாமல் ஒரு நத்தாரும் கழிந்ததில்லை.

பிறகு யுத்தம். படுவான்கரையில் அதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, அந்த மண்ணில் அதை அறியாத வீடு இல்லை. 2007இல் ஊரே பெயர்ந்து வாவி கடந்து போனபோது தாத்தாவும் போனார், திரும்பி வந்தபோது திரும்பி வந்தார். மாடுகள் போயிருந்தன. அப்போதும் 'கால்நடை' என்ற சொல்லை ஜெபத்தில் விட்டுவிடவில்லை. இல்லாததைத்தானே கேட்க வேண்டும் என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'நல்ல அரசாட்சி' என்ற பகுதி. தன்னைக் குடிமகனாகவே எண்ணாத ஒரு நாட்டின் அரசுக்காக ஒரு மனிதர் ஒவ்வொரு காலையும் ஜெபித்திருக்கிறார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. எழுபதைத் தாண்டிய வயதில் முதல் தடவையாக வாக்களிக்கப் போனார். வெள்ளை வேட்டி கட்டி, இராப்போஜனத்துக்குப் போகிறவரைப் போல அதிகாலையிலேயே வெறும் வயிற்றோடு புறப்பட்டார் என்று மாமா சொல்லுவார்.

இந்த முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வட்டையில் பாதி வெட்டியாகிவிட்டது. வெட்டு மெசின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்தின் தொடக்கத்தில் களவெட்டியில் கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்து எருமை கட்டி மிதித்தார்கள், பொலிப்பாட்டுப் பாடினார்கள். பிறகு ட்ரக்டர் வந்தது. இப்போது மெசின் ஒரே ஓட்டத்தில் வெட்டி, தூற்றி, சாக்கில் கொட்டிவிடுகிறது. களத்தில் நெல்லைப் பொலி என்றே சொல்ல வேண்டும், மரியாதையில்லாத பேச்சுப் பேசக்கூடாது என்ற பழைய ஒழுங்கைத் தாத்தா விரும்பி ஏற்றுக்கொண்டிருந்தார். நெல் கடவுளின் கொடை என்று நம்புகிற இடத்தில் வாயை அடக்குவது நியாயம் என்பார். மெசின் சத்தத்தில் அந்த ஒழுங்கெல்லாம் கரைந்து போகிறதே என்று எனக்குக் கவலைதான். மாமாவுக்குக் கவலை இல்லை. "ஆள் கிடைக்காத காலத்துல மெசினும் ஆண்டவர் குடுத்ததுதான்" என்கிறார்.

சேமக்காலையில் புல் வளர்ந்திருந்தது. மாமா கத்தியால் செதுக்க, நாங்கள் கூட்டினோம். கல்லில் 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் வெட்டப்பட்டிருக்கிறது: "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." வசனத்தைத் தெரிந்தெடுத்தது பாட்டி. திருப்தி என்ற சொல் அதில் இருப்பதால்தான் எடுத்தேன் என்றார். கூடி நின்று ஒரு கீர்த்தனை பாடினோம், விசுவாசப் பிரமாணம் சொன்னோம். 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடத்தில் எல்லோருடைய குரலும் தானாக உயர்ந்தது. விதை மண்ணுக்குள் போவதையும் முளைத்து வருவதையும் ஆயுள் முழுக்கப் பார்த்த ஒருவரின் பக்கத்தில் நின்று அதைச் சொல்வதில் ஒரு பலம் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குள் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

பக்கத்து வளவுக்காரரின் மகன் வந்திருந்தார். அவருக்கே இப்போது எழுபது இருக்கும். திருநீறு பூசிய நெற்றியோடு, எங்கள் ஜெபம் முடியும் வரை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"மனே, உங்கட தாத்தா வரம்புல நிண்டா அண்டைக்குத் தண்ணிச் சண்டை வராது. தண்ணி குறைஞ்ச வருசத்தில தண்ணி பங்கிடுற வட்டவிதானையே அவரத்தான் கூப்பிடுவார்."

"ஏன் மாமா?"

"ராவில மத்தவன்ட வக்கடைய வெட்டாத மனுசன் ஆரு எண்டு ஊருக்குத் தெரியுந்தானே. தன்ர பயிர் வாடினாலும் முறை வரட்டும் எண்டு இருப்பார். வேதக்கார ஐயா சொன்னா ஆரும் மறுக்கிறல்ல."

தாத்தாவைப் பற்றி எத்தனையோ நல்ல வார்த்தைகளைச் சபையிலும் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றையும் வைக்க மாட்டேன். தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத இடத்தில், அடுத்தவன் மடையில் கை வைக்காமல் இருப்பது ஒரு விவசாயியின் பக்திக்கு வைக்கப்படும் பெரிய சோதனை.

மறுநாள் ஞாயிறு. புளியந்தீவில் மெதடிஸ்த சபையில் அறுப்பின் பண்டிகை. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பு வந்து, ஓராண்டுகூட நிறையாமல் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனார். அவர் தொடக்கிய ஊழியத்தின் வழிவந்த சபை இது. லுத்தரனாகிய தாத்தா இங்கே அந்நியராக உணர்ந்ததில்லை. அதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். 1738 மே 24 மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது. "உங்க வெஸ்லிக்கு எங்க லுத்தர்தான் அடுப்பு மூட்டினாரு" என்று போதகரிடமே சொல்லிச் சிரிப்பார். போதகரும் சிரிப்பார். ஞானஸ்நானத்தையும் இராப்போஜனத்தையும் பற்றிய லுத்தரன் நம்பிக்கையைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவும் இல்லை, அதற்காக யாரோடும் முகம் திருப்பிக்கொண்டதும் இல்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ம் ஒரு ஞாயிறுதான். காலை ஆராதனைக்கு வந்திருந்த தாத்தா, நாவலடிப் பக்கமிருந்து ஈர உடையோடு ஓடி வந்தவர்களைக் கண்டார். அன்றே படுவான்கரைக்குத் திரும்பிப் போய், வீட்டில் இருந்த நெல்லையெல்லாம் குத்தி அரிசியாக்கி ட்ரக்டரில் ஏற்றி அனுப்பினார். அடுத்த வெட்டு வரைக்கும் வீட்டில் கஞ்சிதான் என்று பாட்டி சொல்லுவார், குறையாக அல்ல. 2019இல் உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் பலர் இறந்தபோது தாத்தாவால் தனியாக நடக்க முடியவில்லை. திண்ணையிலிருந்தே 'சமாதானம்' என்ற சொல்லை அன்று பலமுறை சொன்னார்.

பண்டிகைக்குப் பூசணி, வாழைக்குலை, மரவள்ளி, கோழி, தயிர்ச்சட்டி என்று ஆலயத்தின் முன்பக்கம் நிறைந்திருந்தது. மாமா வழக்கம்போல முதல் மூடை நெல்லைக் கொண்டுவந்து வைத்தார். கடன் இருந்த வருடத்திலும் வெள்ளம் எடுத்த 2011இலும்கூடத் தாத்தா இந்த ஒன்றை நிறுத்தவில்லை. அந்த வருடம் மூடைக்குப் பதில் ஒரு சுளகு நெல் வந்ததாம்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. எங்கள் மூடையைப் பலர் கேட்டார்கள். கடைசியில் ஒரு ஆசிரியை நல்ல விலைக்கு எடுத்தார். வேதக்கார ஐயாவின் வயல் நெல், ஊரில் விதைக்க வைக்கப் போகிறேன் என்றார். மாமா உடனே முன்னால் போனார். "ரீச்சர், இது சாப்பாட்டுக்கு. விதைநெல் தனியாகக் காயவைத்து வைத்திருக்கிறேன். சிறுபோகக் கூட்டம் முடிந்ததும் வந்து எடுங்கள், காசு வேண்டாம்" என்று சொல்லி, வீட்டுக்கு வரும் வழியை அவருக்கு விளக்கத் தொடங்கினார்.