உப்புக்காற்றும் பச்சை எண்ணெயும்: உச்சிப்புளி சிட்ரோன் நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் கொட்டகைக்குப் போனால் வண்டியின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. ராத்திரி நிறுத்தினால் காலைக்குள் கொஞ்சம் இறங்கும், அது இந்தக் காருக்கு இயல்பு. ஆனால் மட்கார்டு சக்கரத்தைப் பாதி மூடும் அளவுக்கு இதுவரை இறங்கியதில்லை.

ஸ்டார்ட் செய்தேன். வழக்கமாக முதலில் பின்பக்கம் எழும், பிறகு முன்பக்கம். இன்று பின்பக்கம் எழுவதற்குள் மாமா திண்ணையில் ஒரு டம்ளர் காபியைக் குடித்து முடித்துவிட்டார். அங்கிருந்தே, "மாப்ள, டிக் சத்தத்தை எண்ணு" என்றார்.

எண்ணினேன். எஞ்சின் சும்மா ஓடும்போது நாலு வினாடிக்கு ஒரு டிக்.

இது 1989-ஆம் வருடத்து சிட்ரோன் பி.எக்ஸ் என்ற பிரெஞ்சுக் கார், டீசல். மாமா இங்கிலாந்தில் வேலையை முடித்துக்கொண்டு 1993-இல் ஊர் திரும்பியபோது கப்பலில் வந்தது. இதில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் குண்டு உண்டு. குண்டுக்குள் குறுக்கே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் பச்சை நிற எண்ணெய். பள்ளத்தில் விழுந்தால் எண்ணெய் சவ்வைத் தள்ளும், நைட்ரஜன் சுருங்கி விரியும். அந்த வாயுதான் ஸ்பிரிங். எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்திக்கொடுக்கிறது. அழுத்தம் சுமார் 145 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறங்கினால் ரெகுலேட்டர் பம்பை வேலை வாங்கும், 170 பார் வந்ததும் விடும். அப்படி மாறும்போது கேட்பதுதான் அந்த டிக்.

பால் மாஜெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த முறை இது. 1954-இல் சிட்ரோனின் ஒரு மாடலில் பின்சக்கரங்களுக்கு மட்டும் வந்தது, 1955-இல் அதே கம்பெனியின் டி.எஸ் காரின் நாலு சக்கரத்துக்கும் வந்துவிட்டது. பி.எக்ஸ் 1982-இல் வந்த கார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மண்டபம் ஊரிலிருந்து பாய் வந்தார். விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர். இந்த வண்டியை மாமாவுக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவர்தான். நாலு குண்டு தவிர ஐந்தாவதாக ஒன்று ரெகுலேட்டரோடு சேர்ந்திருக்கும். அது அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் குண்டு. அதில் வாயு போய்விட்டால் சேமிப்பு இல்லை, பம்ப் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். குறைந்தது அரை நிமிடமாவது டிக் இல்லாமல் இருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் மாமாவின் விதி. வண்டியின் உயரத்தை மாற்றும் லீவரைக் கடைசிக் கீழ்நிலைக்குக் கொண்டுபோ, எஞ்சினை நிறுத்து, ரெகுலேட்டரில் உள்ள திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்து, எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் சீறல் அடங்கும் வரை நில். அடியில் வேலை என்றால் ஸ்டாண்டு போடாமல் தலையை நுழைக்காதே. லீவர் மேலே இருக்கிறது என்பதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஒரு பைப் விட்டால் வண்டி அப்படியே இறங்கிவிடும், எழுந்து வர நேரம் கிடைக்காது.

செயின் ஸ்பேனர் போட்டு இரண்டு பேர் இழுத்தோம். குண்டு கழன்று வந்தது, வாய் வழியாகச் சவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. கிழிந்ததில் வாயு நிரப்பிப் பயனில்லை. மாமாவின் மகள் போன வருடம் கொண்டுவந்த புதுக் குண்டு ஒன்று பீரோவில் இருந்தது. மற்ற நாலும் அழுத்தம் குறைந்தவைதான், கிழியவில்லை. நாளை மதுரைக்கு எடுத்துப்போகிறேன். நைட்ரஜன்தான் நிரப்ப வேண்டும். காற்றடிக்கும் கடையில் காற்றை நிரப்பிக்கொண்டு வருவது ஆபத்து: அழுத்தத்தில் எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐந்தும் மாட்டியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் புது ரப்பர் வளையம், பச்சை எண்ணெயில் நனைத்து. குண்டைக் கையால் இறுக்கினாலே போதும், அழுத்தம் வந்ததும் வளையம் தானே அடைத்துக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது தெரியும் வேதனை.

டிக் இப்போது நாற்பது வினாடிக்கு ஒருமுறை. மாமா எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் போனார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

ஆனால் சாயங்காலம் பின்பக்கம் மறுபடி இறங்கியது. ஸ்டாண்டு போட்டு டார்ச்சோடு படுத்துத் தேடினேன். அடிப்பாகத்தில் பின்னால் போகும் இரும்புப் பைப்பில், பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில், ஒரு சொட்டு பச்சை. கிளிப்பை விலக்கினால் பைப் செதில் செதிலாக உரிந்தது.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் ஒரு துண்டு மணலில் வாழ்கிறோம். ஆனி ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியைத் தொட்டு நக்கினால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு வெளியே தெரியும் பைப்பை மெதுவாகத்தான் தின்கிறது. கிளிப்புக்குள் ஈரத்தோடு தங்கி உட்கார்ந்துகொண்டால்தான் வேகம். இந்தக் கரையில் இந்த வண்டிக்கு எமன் ஓட்டமோ வயதோ அல்ல, கிளிப்புக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு அங்குலம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏ.சி.க்குப் போடும் செம்புப் பைப்பை வைத்து ஒட்டலாமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். இது சஸ்பென்ஷன் மட்டும் அல்ல, பிரேக்கும் இதே எண்ணெயில்தான். பின் பிரேக்குக்கான அழுத்தம் பின் சஸ்பென்ஷனிலிருந்தே வருகிறது. பின்னால் சுமை ஏறினால் சஸ்பென்ஷன் அழுத்தம் கூடும், அதனால் பிரேக்கும் தானாகக் கூடும். எத்தனை அழகான யோசனை! அந்தப் பைப்பில் அதிர்வுக்கு வெடிக்கும் வெறும் செம்பைப் போட எனக்கு மனம் வரவில்லை.

பாய் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நிக்கல் கலந்த செம்பு போடுவோம் தம்பி. கப்பல்ல கடல்தண்ணி ஓடுற லைனுக்கு அதுதான்" என்றார். சரி, உப்பைத் தாங்கும் என்று கடலே சான்று கொடுத்த உலோகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பைப் வந்தது, 4.5 மில்லிமீட்டரில். வளைப்பது எளிது, முனையைப் பிதுக்குவதில்தான் இரண்டு நாள் போனது. மற்ற வண்டிகளின் பிரேக் பைப் மாதிரி புனல் வாய் இதற்கு ஆகாது. முனைக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன மேடு வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ரப்பர் குழல் மாட்டி, இரண்டையும் சேர்த்துத் துளைக்குள் விட்டு நட்டைத் திருக வேண்டும். பைப் நுனி ரப்பரைத் தாண்டித் துளையின் அடியில் உட்கார வேண்டும். கோணலாகப் போனால் ரப்பர் வெட்டுப்படும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்து ஒழுகும்.

மூன்று முனைகளை வீணாக்கினேன். நாலாவது முனைக்கு, பாய் லேத்தில் இரண்டு பாதியாகக் கடைந்த ஒரு அச்சு கொடுத்தார். அதில் பிடித்ததும் மேடு ஒரே சீராக வந்தது. நட்டை முதல் நாலு சுற்று விரலால் திருகினேன், பைப் அசைய இடம் கொடுத்து. பிறகு ஸ்பேனரில் லேசாக ஒரு கால் சுற்று. அவ்வளவுதான்.

பழைய பிளாஸ்டிக் கிளிப்களில் பாதியை எறிந்துவிட்டேன். மாட்டியவற்றின் அடியில் கிரீஸ் நிரப்பினேன். அடிப்பாகம் முழுக்கத் தார் பூசிவிடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தார் விரிசல் விட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. கிரீஸ் என்றால் துடைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எண்ணெய் நாள். எல்.எச்.எம், பச்சை நிற மினரல் எண்ணெய். டி.எஸ் காலத்தின் முதல் பாதியில் சிவப்பு நிற எண்ணெய் இருந்தது, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே துரு ஏற்றும் குணமுள்ளது. 1960களின் பிற்பாதியில் பச்சை வந்தது. இரண்டுக்கும் சீல்களின் ரப்பரே வேறு, ஒன்றில் மற்றதை ஊற்றக் கூடாது.

1998-இல் ஒரு பட்டறையில் இதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். சீல்கள் ஊதிப்போய், வண்டி எட்டு மாதம் தென்னங்கீற்றுக்குள் கிடந்தது. அதன்பிறகு மாமா டேங்க் மூடியில் பச்சைப் பெயிண்டில் "இது மட்டும்" என்று எழுதினார். அந்த எழுத்து இன்னும் அழியவில்லை.

டேங்கிலிருந்து இரண்டு பில்டரையும் எடுத்துப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்தேன். டேங்க் அடியில் தேன் மாதிரி ஒரு படலம், துடைத்தேன். புது எண்ணெய் ஊற்றி, லீவரைக் கீழே, மேலே, கீழே, மேலே என்று ஏழெட்டு முறை ஓட்டினேன். உள்ளே சிக்கிய காற்று டேங்குக்கு வந்துசேர இதுதான் வழி. கடைசியில் வண்டியை உச்சத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவு பார்த்தேன். வண்டி கீழே இருக்கும்போது பார்த்து நிரப்பினால் கணக்குத் தப்பும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாம்பன் பாலம் வரை மாமாவை அழைத்துப்போனேன். சாலைப் பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் மற்ற வண்டிகள் தடக் தடக் என்று போயின. நமக்கு அந்த ஒலி மட்டும் கேட்டது, குலுக்கம் வரவில்லை. மாமா இடப்பக்கம் திரும்பி, ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியையே பார்த்துக்கொண்டு வந்தார். "அதுவும் மேல ஏறி இறங்குது" என்றார்.

வீடு திரும்பியதும் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதாகும். குழாயில் வரும் குடிநீரைக் காருக்கு ஊற்ற இந்த மாவட்டத்தில் யாருக்கும் கை வராது, எனக்கும் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. கிளிப் கிளிப்பாகப் படுத்துத் துடைத்தேன், ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஆறு மணி. பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. போன மாதம் தரையோடு உட்கார்ந்திருந்தது.

கொட்டகையின் தகரக் கூரையில் மழைத்தண்ணீர் வடிய ஒரு பீலி மாட்டி, அடியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்குள் தயாராகிவிடும். அந்தத் தண்ணீர் வண்டிக்கு.