தொடரைச் சுருக்கினால் படமாகாது

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் படமாக்க உட்காருகிறவர்கள் முதலில் நேரக் கணக்குதான் போடுகிறார்கள். எபிசோடுக்கு ஒரு மணி வீதம் ஆறு எபிசோட் என்றால் 360 நிமிடம். படத்துக்கு 120 நிமிடம். சரி, மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடலாம் என்று கத்தரியைத் தூக்கிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் மிஞ்சுவது நடந்தவற்றின் பட்டியல். ஒவ்வொரு காட்சியும் ஒரு தகவலைச் சொல்லிவிட்டு ஓடும். எந்த முகத்தையும் நின்று பார்க்க நேரம் இருக்காது.

தொடர் ஓட வேண்டுமானால் அதன் மையக் கேள்விக்கு விடை கிடைக்கவே கூடாது. கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் பார்க்க ஆள் இருக்காது. படத்திலோ விடை கிடைத்தே ஆக வேண்டும். ஆகவே கத்தரிக்கு முன்னால், இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி இந்தக் கதையில் எது என்று தேடுங்கள். அது தொடரின் மையக் கேள்வியாக இல்லாமலும் போகலாம்.

நான் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம் 'தி ஃப்யூஜிட்டிவ்' என்ற அமெரிக்கத் தொடர். 1963 முதல் 1967 வரை 120 எபிசோட். மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் கிம்பிள் தப்பி ஓடுகிறார். வாரம் ஒரு ஊர், ஒரு பொய்ப்பெயர். யாருக்காவது உதவப் போய் மாட்டிக்கொள்ளப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். 1993இல் வந்த படம் அந்த ஓட்டத்தையே திருப்பிவிட்டது: கிம்பிள் கொலை நடந்த சிகாகோவுக்கே வருகிறார். தொடரில் உண்மையான கொலைகாரனான ஒற்றைக் கைக்காரன் திருட வந்தவன். கொலை அந்த நேரத்து விபரீதம். படத்தில் அவனை ஏவியவர்கள் இருக்கிறார்கள், பின்னால் ஒரு மருந்து நிறுவனத்தின் மோசடி இருக்கிறது. தற்செயலை வைத்து நான்கு வருடம் தொடர் ஓட்டலாம். துப்பறியும் படத்துக்கு ஒரு காரணம் வேண்டும்.

அப்படியானால் வாராவாரம் செய்த உதவிகள் எங்கே போயின? மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர் வேடத்தில் இருக்கும் கிம்பிள், ஒரு சிறுவனின் மருத்துவக் குறிப்பைத் திருத்தி அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறாரே, அந்த ஒரு இடத்தில் இருக்கின்றன. தொடரின் ஆன்மா முழுக்க அதில் அடங்கிவிட்டது. அதே செயல்தான் அங்கிருக்கும் ஒரு டாக்டரின் சந்தேகத்தையும் கிளப்புகிறது. தொடரில் பலமுறை வரும் விஷயத்தைப் படத்தில் ஒருமுறை வையுங்கள். அந்த ஒருமுறையில் நாயகனுக்கு ஒரு நஷ்டமும் இருக்கட்டும்.

இனி வேலைமுறை. முதல் சுற்றில் குறிப்பே எடுக்காமல் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, நினைவில் நிற்கும் காட்சிகளை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் காட்சிக்கு ஓர் அட்டை: யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது எது மாறியது, நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது. எபிசோடுக்கு 40 காட்சி என்று வைத்துக்கொண்டால் 240 அட்டை சேரும். காட்சிக்குச் சராசரி இரண்டு நிமிடம் என்றால் படத்தில் இடமிருப்பது 60 காட்சிக்கு. சென்ற வாரத்தை நினைவூட்டும் வசனங்கள், விளம்பர இடைவெளிக்கு முன் வரும் போலி அதிர்ச்சிகள், வேறு இடத்தில் மறுபடி நடக்கும் அதே சண்டை, இவை தயங்காமல் வெளியே போகலாம். ஆனால் மிச்சத்திலிருந்து நல்லதாக 60 பொறுக்காதீர்கள். அட்டைகளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, தேர்ந்தெடுத்த கேள்விக்குப் புதிதாக ஒன்லைன், அதாவது காட்சிகளின் வரிசைச் சுருக்கம், எழுதுங்கள். பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

பாத்திரங்களை இணைக்கும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. இரண்டு நண்பர்களை ஒருவராக்கினால், ஒருவருக்குத் தெரிந்த ரகசியம் இன்னொருவருக்கும் தெரிந்ததாகிவிடும். 70ஆம் பக்கத்தில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்வி எழும். யாருக்கு எந்தக் காட்சியில் என்ன தெரியவருகிறது என்று தனியாக ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரைவிலும் திருத்துங்கள். தொடரைப் பார்த்தே இராத ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுத்து, 'ஏன்' என்று தோன்றும் இடத்திலெல்லாம் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு இந்த ஓட்டைகள் தெரியாது. வெட்டிய காட்சிகள் அவர் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

காலத்தைச் சுருக்குவதும் இப்படித்தான். எட்டு மாதக் கதையை ஐந்து நாளாக்கினால் வேகம் கிடைக்கும். ஆனால் ஆறாத காயம், வராத பரிசோதனை முடிவு, தொடங்காத வழக்கு என்று ஒவ்வொன்றாக இடிக்கும். நம்பிக்கைத் துரோகம் இன்னும் கடினம். தொடரில் ஐந்து மணி நேரம் கூடவே இருந்தவன் கைவிடும்போது வலிக்கும். படத்தில் அவனோடு நாம் இருந்தது பத்து நிமிடம். நட்பைப் பற்றிய வசனத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது. முதல் அரை மணிக்குள் நாயகனுக்காக அவன் எதையாவது இழக்கட்டும்.

பல கிளைகள் கட்டாயம் வேண்டுமென்றால் 'ட்ராஃபிக்' படத்தைப் பாருங்கள். 1989இல் வந்த ஆறு பகுதி பிரிட்டிஷ் தொடர் 'ட்ராஃபிக்'கின் ஹெராயின் கதையை, 2000இல் அமெரிக்க–மெக்சிகோ எல்லைக்கு மாற்றினார்கள். மெக்சிகோ காட்சிகள் மஞ்சள் பாரித்திருக்கும். அமெரிக்க அதிகாரியின் கிளை நீலம். எங்கே இருக்கிறோம் என்று ஒரு நொடியில் புரிந்துவிடுவதால், இடத்தை அறிமுகப்படுத்தும் காட்சிகள் தேவைப்படுவதில்லை.

உரிமை விஷயம் சுருக்கமாக: மூல எழுத்தாளர், தயாரிப்பாளர், ஒளிபரப்பிய நிறுவனம், தீம் இசை என்று ஒவ்வொன்றும் வேறு கையில் இருக்கலாம். திரைக்கதையின் முதல் வரைவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எடுத்து முடித்த தொடரையே வெட்டித் திரையரங்குக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு வேறு தொல்லைகள். பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டகத்தை (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) திரையரங்குக்காக 1.85:1 ஆக்கினால் உயரத்தில் சுமார் 28 சதவீதம் போய்விடும். க்ளோசப்பில் நெற்றியும் தாடையும் வெட்டுப்படும். ஷாட் ஷாட்டாகச் சட்டகத்தை மேலும் கீழும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும், அல்லது இரு பக்கமும் கறுப்பு விட்டு 4:3 ஆகவே காட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதே மேல். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் 120 நிமிடம் 125 ஆகும், குரல்களும் இசையும் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்குக் கீழே இறங்கும். ஒலிக்கலவையில் சுருதியைத் திருத்திவிட்டு, பாட்டு வரும் இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.