மேல வீதி, ஒரு ஆச்சா உத்தரம்

ஜூன் 3

மேல வீதியில இன்னொரு திண்ணை வீடு போகுது. ஓடு எல்லாம் இறக்கியாச்சு, கீழ ஜவுளிக்கடை மேல லாட்ஜுன்னு பேச்சு. தஞ்சாவூருல இது புதுசா என்னன்னு கேப்பீங்க. இந்த தெருவுலதான் பங்காரு காமாட்சி கோயில் இருக்கு, சங்கீத மும்மூர்த்திங்கள்ல ஒருத்தரான சியாமா சாஸ்திரி பரம்பரையா பூஜை பண்ண கோயில். இதே தெருவுலதான் தஞ்சை நால்வர் வீடு, இன்னைக்கு நம்ம பசங்க ஆடுற பரதநாட்டிய மார்க்கத்தை, அதாவது கச்சேரி உருப்படி வரிசையை, வகுத்துக் கொடுத்த அண்ணன் தம்பி நாலு பேரு, அதுல வடிவேலு வயலின் வாசிச்சு 1834ல சுவாதித் திருநாள் மகாராஜா கையால தந்தத்துல செஞ்ச வயலினே வாங்குனவரு. அந்த வீடெல்லாம் பேரு வாங்கிடுச்சு, அதனால நிக்குது. பேரு இல்லாத வீடுங்கதான் ஒண்ணொண்ணா போகுது, அதைப் பத்தி யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதலாம்னு.

ஜூன் 5

பெரியப்பா வந்தாரு (தவில், இப்ப முட்டி வலியால கச்சேரி கம்மி). வீடு இடிக்கிறதைச் சொன்னா "வீடு போனா போவட்டும்டா, திண்ணை போவுது பாரு"ன்னாரு. எனக்கு முதல்ல புரியல. அப்புறம் அவரே சொன்னாரு, சாமி கோயில் வாசல்ல கிளம்புறப்ப கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி (சாமி புறப்பாட்டுக்குன்னே வாசிக்கிற உருப்படி), தெருவுக்குள்ள வந்ததும் ராகம், மூலைக்கு மூலை சாமி நிக்கும், அங்கதான் நாயனக்காரரு (நாயனம்னா நாதஸ்வரம்தான்) ஆற அமர ஒரு தோடியோ காம்போதியோ எடுப்பாரு, ரெண்டு பக்கமும் திண்ணை பூரா ஆளு, வெத்தலை மென்னுக்கிட்டே கேப்பாங்க, ராகத்துல ஒரு பிடி, ஒரு சின்ன சங்கதி, சரியா விழலன்னா மறுநாள் காபி கடையில வச்சு கிழிச்சிடுவாங்க. டிக்கெட்டும் கிடையாது மைக்கும் கிடையாது. கேக்கத் தெரிஞ்ச கூட்டம் அந்தத் திண்ணையிலதான் உருவாச்சு. நாயனமே திறந்த வெளிக்குன்னு வந்த வாத்தியம், அதுக்கு தெருதான் சபா.

இப்ப? மூலையில பைக் ஸ்டாண்டு, செல்போன் கடை ஸ்பீக்கரு, பின்னாடி ஜெனரேட்டர் வண்டி தடதடன்னு. டிராபிக் நிக்குதுன்னு சாமியை தள்ளிக்கிட்டே போறாங்க. "ராகத்தை ஆரம்பிக்கிறதுக்குள்ள அடுத்த தெரு வந்துடுதுடா, என்னத்த வாசிக்கிறது"ன்னாரு பெரியப்பா.

ஜூன் 11

பெரியப்பாவோட நரசிங்கம்பேட்டை போயிட்டு வந்தேன். ஆடுதுறை பக்கம், கும்பகோணத்துலேந்து மாயவரம் போற ரூட்டு. நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு வாங்குன ஊரு. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு சுத்த மத்தியமங்கிற ஸ்வரம் சரியா பேசுற பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பண்ணிக் கொடுத்த ரங்கநாதன் ஆச்சாரி இந்த ஊருக்காரருதான். பட்டறையில கடைசல் ஓடுற சத்தம், நாயனம் செய்யுற ஆச்சா மரத்தோட வாசனை, தரை பூரா சுருள் சுருளா சீவல்.

அங்க கேட்ட விஷயம்தான் ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. பச்சை மரத்துல நாயனம் ஆகாது, வெடிச்சிரும். வெட்டி எழுபது எம்பது வருஷமாவது ஆறின ஆச்சா வேணும், அது எங்க கிடைக்கும்? பழைய வீடு இடிக்கிற எடத்துல, உத்தரமாவும் தூணாவும்! அதாவது நான் வயிறெரிஞ்சு பாக்குற அந்த இடிப்புலேந்துதான் நாயனத்துக்கே மரம் வருது. நான் வாயடைச்சுப் போயிட்டேன். நாங்க போன பட்டறையோட ஆசாரி சிரிச்சுக்கிட்டே "தம்பி, எங்களுக்கு காடு ஊருக்குள்ளதான்"னாரு. ஆனா அந்தக் காட்டுல இனிமே நடுறதுக்கு ஆளில்ல, பாருங்க. கான்கிரீட் வீட்டை எம்பது வருஷம் கழிச்சு இடிச்சா கம்பிதான் வரும். இருக்கிற கொஞ்சத்துக்கும் இப்ப ரிசார்ட்டுக்காரங்க, பழைய சாமான் வியாபாரிங்க போட்டி, ஒரு தூணு வரவேற்பறையில அழகுக்கு நிக்கிறதுக்கு அவங்க குடுக்குற காசை இவரால குடுக்க முடியல. பாரம்பரியம்னு போர்டு வச்ச எடத்துக்குத்தான் அந்த மரம் போகுதுங்கிறது வேற கதை.

ஜூன் 15

சித்தி பொண்ணு கல்யாணம். செண்டை மேளம், டிஜே. நாயனம் தாலி கட்டுற பத்து நிமிஷத்துக்கு மட்டும். சாப்பாடு நல்லா இருந்துச்சு.

ஜூன் 20

இடிக்கிற வீட்டுக்காரரு கடைத்தெருவுல மாட்டுனாரு. கோவமா பேசணும்னுதான் நினைச்சேன், பேச முடியல. ஓடு மாத்தவே லட்சத்துல கேக்குறாங்களாம், மூணு தங்கச்சிக்கு பங்கு தரணும், மகன் ஓசூருல, அவரு மட்டும் எப்படி வச்சு காப்பாத்துவாரு. நியாயம்தான். நினைவு இல்லம் கட்டுறது, சிலை வைக்கிறதுக்கெல்லாம் காசு கிடைக்குது, குடியிருக்கிற பழைய வீட்டுக்கு ஓடு மாத்த யாரு உதவுறா? திருவாரூருல சங்கீத மும்மூர்த்திங்க பிறந்த எடத்தை நினைவிடமா வச்சிருக்காங்க, சந்தோஷம், திருவையாறுல தியாகராஜர் ஆராதனைக்கு அத்தனை கூட்டம், அதுவும் சந்தோஷம். ஆனா அது வருஷத்துல அஞ்சு நாள் விஷயம். எனக்கு வேண்டியது ரொம்ப பெருசு இல்ல: மேல வீதியோட சேத்து நாலு ராஜவீதியில கடை கட்டுனாலும் முன்னாடி திண்ணை விட்டு கட்டணும்னு ஒரு விதி, சாமி புறப்பாடு ராத்திரி மட்டும் வண்டியை திருப்பி விடணும், ஜெனரேட்டர் வேண்டாம். இதுக்கு என்ன கோடியா செலவு?

திண்ணையைப் பத்தி அவருகிட்டயே கேட்டேன். "அந்த எடம் சதுர அடி என்ன வாடகைக்குப் போவுது தெரியுமா"ன்னாரு.

ஜூன் 24

உத்தரத்துல தேக்கெல்லாம் நேத்தே லாரியில போயிடுச்சு. ரெண்டு ஆச்சா கட்டை மட்டும் ஓரமா கெடக்கு, நான் போட்டோ எடுத்து ஆசாரிக்கு அனுப்புனேன், பாத்துட்டு உடனே போன் பண்ணாரு, "விட்றாதீங்க தம்பி". அவரு சொன்ன விலைக்கும் காண்ட்ராக்டர் கேக்குற விலைக்கும் நடுவுல நிறைய எடம் இருக்கு. பெரியப்பா பேசிப் பாக்குறேன்னிருக்காரு, காண்ட்ராக்டரோட அப்பா கல்யாணத்துக்கு வாசிச்சது இவருதானாம். காண்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை சொல்றேன்னிருக்காரு.